ஹலால் கறி: கத்தி படும்போது உயிர் இருந்ததா? தாம்பரம் கோழிக்கடை முதல் நவீன ஆலை வரை ஒரு விளக்கம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் என்று தென்சென்னை புறநகரில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கோழிக்கடை கண்ணில் படும். முன்னால் கம்பிக்கூண்டு, மேசையில் தராசு, உள்ளே ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம். பெயர்ப்பலகையின் ஓரத்தில் பச்சை எழுத்தில் 'ஹலால்'. அதே தெருவில் இருக்கும் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரைத் திறந்தால், உறைந்த சிக்கன் பாக்கெட்டிலும் அதே சொல். மொபைல் ஆப்பில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கு வரும் டப்பாவிலும் பல நேரம் அதே சொல்.

சொல் ஒன்றுதான். ஆனால் கோழி செத்த விதம் ஒன்றல்ல. ஒன்று, டிரம்முக்குப் பக்கத்தில் நின்றவர் கையில் பிடித்து அறுத்தது. இன்னொன்று, ஓடும் சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி, மின்சாரம் பாயும் தண்ணீரில் தலை நனைந்து, அதன்பிறகு கத்தி பார்த்ததாக இருக்கலாம். இரண்டும் ஒரே அர்த்தத்தில் ஹலால்தானா? இதில் மார்க்க அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது?

'ஹலால்' என்றால் அறுப்பது மட்டும்தானா?

இல்லை. ஹலால் என்ற அரபுச் சொல்லுக்கு 'அனுமதிக்கப்பட்டது' என்று பொருள். சம்பாத்தியத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும், சாப்பாட்டுக்கும் பொருந்தும். நாம் கறிக்கடையிலேயே அதிகம் பார்ப்பதால் 'ஓதி அறுத்தது' என்று மட்டும் புரிந்துகொள்கிறோம்.

குர்ஆனின் 5-வது அத்தியாயம் அல்மாயிதா. அதன் 3-வது வசனத்தில் சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியல் இருக்கிறது. தானாகச் செத்தது, ரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத பெயர் சொல்லி அறுக்கப்பட்டது, கழுத்து நெரிபட்டுச் செத்தது, அடிபட்டுச் செத்தது, உயரத்தில் இருந்து விழுந்து செத்தது, கொம்பால் முட்டப்பட்டுச் செத்தது, வேட்டை மிருகம் கடித்தது. இந்தப் பட்டியலுக்கு நடுவிலேயே ஒரு விலக்கும் வருகிறது: உயிர் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து நீங்கள் அறுத்துவிட்டால் அது கூடும்.

நவீன முறைகள் பற்றிய மொத்த விவாதத்துக்கும் சாவி இந்த விலக்குதான். மேலே இருந்து விழுந்த ஆடாக இருந்தாலும், அடிபட்ட மாடாக இருந்தாலும், கத்தி படும்போது உயிர் இருந்ததா என்பதே கேள்வி. 1,400 ஆண்டுகள் கழித்து மின்சாரம் வந்த பிறகும் கேள்வி மாறவில்லை.

கத்தி எங்கே பட வேண்டும்?

கழுத்தின் முன்பக்கம். அங்கே நான்கு குழாய்கள் இருக்கின்றன: மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இரண்டு பக்கமும் ஓடும் ரத்தக்குழாய்கள். இவற்றில் எவை கட்டாயம் அறுபட வேண்டும் என்பதில் சட்டப்பள்ளிகளுக்குள் வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுதாக அறுபட வேண்டும், ரத்தக்குழாய்களும் அறுபடுவது சிறப்பு. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபாவின் கருத்துப்படி நான்கில் ஏதாவது மூன்று அறுபட்டால் போதும். நடைமுறையில் ஒரு நல்ல கத்தி ஒரே இழுப்பில் நான்கையும் அறுத்துவிடும் என்பதால் கடையில் இந்த வேறுபாடு தெரியாது.

'பிஸ்மி' சொல்வதில் உள்ள வேறுபாடுதான் ஆலைக்குள் போனதும் பெரிதாகிறது. அறுக்கும்போது 'பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்' சொல்ல வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று. சொல்லாமல் விட்டால்? ஹனஃபியில், வேண்டுமென்றே விட்டால் கறி கூடாது, மறந்துவிட்டால் கூடும். ஷாஃபியில் பிஸ்மி சொல்வது சுன்னத், அதாவது வலியுறுத்தப்பட்ட நபிவழி. விட்டால் அது குறை, ஆனால் கறி ஹராம் ஆகாது.

இது எங்கோ அரபு நாட்டு விவகாரம் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழி அதிகம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஹனஃபி. எந்த மத்ஹபையும் பின்பற்றாமல் குர்ஆன், ஹதீஸை மட்டும் எடுத்துக்கொள்வோரும் தமிழ்நாட்டில் உண்டு. வேலைக்காகவும் படிப்புக்காகவும் எல்லா ஊர்க்காரர்களும் வந்து குடியேறிய புறநகரில், ஒரே கோழிக்கடை வரிசையில் இவர்கள் எல்லோரும் நிற்கலாம்.

கத்தியைப் பற்றியும் நபிமொழிகள் நிறையச் சொல்கின்றன. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், பிராணியை நிம்மதியாக இருக்க விட வேண்டும் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது, ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது, உயிர் முழுதாக அடங்கும் முன் தோலை உரிக்கக் கூடாது என்பதெல்லாம் மார்க்க நூல்கள் சொல்லும் ஒழுங்குகள். இவற்றில் சிலவற்றை மீறினாலும் கறி ஹராம் ஆகாது. ஆனால் செய்தவர் குற்றம் செய்தவர்தான். கறிக்கு ஒரு தீர்ப்பு, அறுத்தவருக்கு ஒரு தீர்ப்பு.

தெருக்கடையில் நடப்பது என்ன?

கடை உரிமையாளர் யாராக இருந்தாலும் அறுக்க ஒரு பாய் இருப்பார் என்பது சென்னையில் பல கடைகளில் பழைய வழக்கம். உங்கள் கண்முன்னே உயிரோடு எடை போடுகிறார்கள், இறக்கையைச் சேர்த்துப் பிடித்து அறுக்கிறார்கள். கோழி உயிரோடு இருந்ததா என்ற சந்தேகத்துக்கே அங்கே இடம் இல்லை. மார்க்க விதியின் மையக் கேள்வியில் தெருக்கடை சுலபமாகத் தேறிவிடும்.

இடறுவது அதற்கு அடுத்த படிகளில். அறுத்த கோழியை டிரம்மில் போட்டதும் அது துடிக்கும். அந்தத் துடிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஞாயிறு காலை பத்து பேர் வரிசையில் நின்று "அண்ணே, சீக்கிரம்" என்று அவசரப்படுத்தும்போது சில கடைகளில் அந்த நிமிடம் சுருங்கிவிடுகிறது. அடங்காத கோழியைச் சுடுதண்ணீரில் முக்கினாலோ தோலை உரித்தாலோ மார்க்கப்படியும் தவறு, விலங்கு நலன்படியும் கொடுமை. கூண்டில் இருக்கும் மற்ற கோழிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'ஹலால்' பலகை இருக்கும் கடையில் ஹலாலின் ஒழுங்குகள் காணாமல் போவது இப்படித்தான்.

ஆலையில் என்ன மாறுகிறது?

வேகம். பெரிய ஆலையில் கோழிகளைக் காலில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். மேலே சங்கிலி ஓடும். முதலில் மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டியில் தலை முங்கும், கோழி மயங்கும். இதைத்தான் 'ஸ்டன்னிங்' என்கிறார்கள். அடுத்து சுழலும் பிளேடு அல்லது ஆள் கையில் இருக்கும் கத்தி. பிறகு ரத்தம் வடிய நேரம், சுடுதண்ணீர், ரப்பர் விரல்கள் வைத்த இறகு பிடுங்கும் மெஷின், குடல் நீக்கம், கடைசியில் குளிரூட்டல்.

உலகின் மிகப்பெரிய ஆலைகளில் ஒரு லைனில் மணிக்கு 10,000 கோழிக்கு மேல் ஓடும். கணக்குப் போட்டால் நொடிக்கு கிட்டத்தட்ட மூன்று கோழி. ஒவ்வொரு கோழிக்கும் ஒரு மனிதர் பிஸ்மி சொல்லி அறுப்பது அந்த வேகத்தில் நடக்காத காரியம். ஆகவே ஹலால் முத்திரை வேண்டும் என்கிற ஆலைகளில் பல இடங்களில் பிளேடை எடுத்துவிட்டு, லைனின் ஓரத்தில் முஸ்லிம் ஆட்கள் சிலரை நிறுத்துகிறார்கள். லைனை மணிக்கு 3,000 என்று குறைத்து நான்கு பேரை நிறுத்தினால், ஒருவருக்கு ஒரு கோழிக்குச் சுமார் 5 நொடி கிடைக்கும். அது முடிகிற வேலை. ஆனால் ஒரு ஷிஃப்ட் முழுக்கச் செய்தால் கையும் நாக்கும் களைத்துப் போகும். அதனால் ஆட்களைச் சுழற்சியில் மாற்ற வேண்டியிருக்கும். ஹலால் கோழிக்கு ஆலையில் கூடுதல் செலவு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மயக்கினால் ஹலால் போய்விடுமா?

மயக்கும் முறையைப் பொறுத்தது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் பதில். மயங்கியது மயங்கியதுதான், செத்திருக்கக் கூடாது.

ஆட்டுக்குத் தலையில் மட்டும் மின்சாரம் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. மூளை சில நொடிகள் செயலிழக்கும், இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். அறுக்காமல் விட்டால் ஆடு சில நிமிடத்தில் எழுந்து நடக்கும். லைனில் இருந்து ஓர் ஆட்டை எடுத்து விட்டுப்பார்த்து இதை நிரூபிக்கவும் முடியும். நியூசிலாந்து தன் ஹலால் ஆட்டிறைச்சியை இந்த முறையில்தான் முஸ்லிம் நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. மலேசியாவின் ஹலால் தரநிலையும், மயக்கம் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இதை அனுமதிக்கிறது.

மாட்டின் மண்டையைத் துளைக்கும் போல்ட் துப்பாக்கி வேறு கதை. அதில் மூளை சேதமாகிவிடும், மாடு பிழைக்காது. ஆகவே பெரும்பாலான ஹலால் தரநிலைகள் அதை ஏற்பதில்லை.

கோழிதான் சிக்கல். உடம்பு சின்னது. ஒரே தொட்டியில், ஒரே மின்அழுத்தத்தில், பெரியதும் சிறியதுமாக வரிசையாகக் கோழிகள் முங்கும்போது சில கோழிகளுக்கு இதயமே நின்றுவிடும். அவை கத்திக்கு வரும் முன்பே செத்தவை. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் எடுத்த தீர்மானம், இந்தக் காரணத்துக்காகவே கோழியை மின்சாரத்தால் மயக்குவது கூடாது என்றது. ஆச்சரியம் என்னவென்றால், அதே தீர்மானம் கோழியை மெஷினால் அறுப்பதை ஒரேயடியாக மறுக்கவில்லை. கையால் அறுப்பதே அடிப்படை, ஆனால் மற்ற நிபந்தனைகள் நிறைவேறினால் மெஷினும் கூடும், இடைவிடாமல் அறுபடும் ஒரு தொகுதிக்கு ஒரு பிஸ்மி போதும் என்றது. ஆக மெஷினைப் பார்த்து வந்த பயம் இல்லை இது. செத்த கோழி உயிருள்ளதோடு கலந்துவிடுமே என்ற பயம். மெஷினுக்கு அனுமதி இல்லை என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள், குறிப்பாக ஹனஃபி வழியில். பிஸ்மி யார் சொன்னது, பட்டனை அழுத்தியவரா, பிளேடா என்பது அவர்கள் கேள்வி.

வலி யாருக்குக் குறைவு?

'ஜெர்மன் பேராசிரியர் நிரூபித்துவிட்டார், ஹலால் முறையில் வலியே இல்லை' என்ற ஃபார்வர்டு மெசேஜ் தமிழில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. ஆய்வு உண்மைதான். 1978-ல் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் ஷுல்ட்ஸ் குழு, ஆடு, கன்றுகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து, கூர்மையான கத்தியால் சரியாக அறுத்தபோது வலிக்கான அறிகுறி தெரியவில்லை என்றது. மெசேஜில் வராத விஷயம், 2009-ல் நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேம்பட்ட கருவிகளோடு கன்றுகளைச் சோதித்து, மயக்காமல் கழுத்தை அறுக்கும்போது வலிக்கான மூளைப் பதில் தெரிகிறது என்று வெளியிட்டதுதான்.

விலங்கின் வகையும் முக்கியம். ஆட்டுக்குக் கழுத்தின் முன்பக்க ரத்தக்குழாய்கள் அறுபட்டால் சில நொடிகளிலேயே நினைவு போய்விடும். மாட்டுக்கு முதுகெலும்பை ஒட்டிப் போகும் இன்னொரு ரத்தக்குழாய் வழியாகவும் மூளைக்கு ரத்தம் போவதால் நேரம் கூடலாம். ஐரோப்பாவில் இந்த விவாதம் நீதிமன்றம் வரை போனது. அறுக்கும் முன் திரும்பக்கூடிய மயக்கம் கட்டாயம் என்ற பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிச் சட்டம் செல்லும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில், இது மதச் சுதந்திர மீறல் ஆகாது என்றது. அந்த வழக்கில் முஸ்லிம்களும் யூதர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். யூதர்களின் 'ஷெஹிட்டா' முறைக்கும் மயக்கம் கூடாது.

'ஹலாலில் ரத்தம் முழுக்க வடிந்துவிடும், அதனால் கறி ஆரோக்கியம்' என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். சரியாக மயக்கி அறுத்த ஆட்டிலும் மாட்டிலும் வடியும் ரத்தத்தின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. கறி கெடுவதும் கெடாததும் அறுத்தபிறகு எவ்வளவு சீக்கிரம் குளிரூட்டினார்கள், எந்தத் தண்ணீரில் கழுவினார்கள், எந்தக் கட்டையில் வெட்டினார்கள் என்பதில்தான் அதிகம் இருக்கிறது.

இந்தியச் சட்டம் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றமில்லை என்கிறது. அதே சட்டத்தின் கீழ் 2001-ல் வந்த இறைச்சிக்கூட விதிகள், ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது, மயக்குவதற்குத் தனி இடம் வேண்டும் என்கின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2011 விதிமுறையில், முதலில் மயக்கி, பிறகு ரத்தம் வடியவிட வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. ஒரு சட்டம் மத முறைக்கு விலக்கு தருகிறது, இன்னொரு விதிமுறை மயக்கச் சொல்கிறது. தெருக்கடையில் இரண்டையும் யாரும் படிப்பதில்லை.

கண்முன் அறுக்காதே என்ற விதியைக் கவனித்தீர்களா? மார்க்க ஒழுங்கும் மத்திய அரசு விதியும் ஒரே வார்த்தையைச் சொல்கின்றன. 2001 விதிகளின்படி கர்ப்பமான விலங்கையும், 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் அறுக்க முடியாது. கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. ஆனால் அந்த விதிகளில் 'இறைச்சிக்கூடம்' என்பதே நாளுக்கு 10 அல்லது அதற்கு மேல் விலங்குகள் அறுக்கும் இடம்தான். சென்னையில் புளியந்தோப்பு ஆடுதொட்டி, சைதாப்பேட்டை போன்ற மாநகராட்சி இறைச்சிக்கூடங்களுக்கு இது பொருந்தும்.

கோழிக்கடை? கோழி 'விலங்கு'தானா என்ற கேள்வியே 2023 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. கடைகளில் கோழி அறுப்பதை எதிர்த்த வழக்கில், உணவுச் சட்டப்படி கோழியும் விலங்குதான் என்றது அந்த மாநில அரசு. 2011 எஃப்எஸ்எஸ்ஏஐ விதிமுறையில், நாளுக்கு 50 கோழி வரை அறுக்கும் சின்னக் கடைக்கு வெறும் பதிவு போதும், அதைத் தாண்டினால் உரிமம் வேண்டும். கூட்டம் உள்ள புறநகர்க் கடையில் ஞாயிறு காலை பத்து மணிக்கே 50 தாண்டிவிடும்.

'ஹலால்' பலகைக்கு யார் பொறுப்பு?

தெருக்கடைப் பலகைக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. அது கடைக்காரரின் வாக்கு. பாக்கெட்டில் இருக்கும் ஹலால் முத்திரை, சென்னையில் இயங்கும் ஹலால் இந்தியா, ஜமியத் உலமா-இ-ஹிந்த் ஹலால் டிரஸ்ட் போன்ற தனியார் அமைப்புகள் கொடுப்பது. அரசு உணவு முத்திரை அல்ல. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு, ஏற்றுமதிக்கானவை தவிர, ஹலால் சான்றிதழ் பெற்ற பொருட்களை விற்கத் தடை போட்டது. அதே ஆண்டில் மத்திய அரசு, இறைச்சியை 'ஹலால்' என்று சொல்லி ஏற்றுமதி செய்ய அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ஹலால் சான்றிதழ் வேண்டும் என்று விதி வகுத்தது. உள்ளூரில் சர்ச்சை, ஏற்றுமதியில் விதிமுறை.

ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க முடியாதா என்று கேட்கலாம். 2018 நவம்பரில் ராஜஸ்தானின் ஜோத்பூரில் இருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்த 2,000 கிலோவுக்கு மேலான இறைச்சி நாய்க்கறி என்று வதந்தி பரவி, சென்னையில் பிரியாணிக் கடைகளே காற்று வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோதனையில் அது ஆட்டிறைச்சி என்று தெரிந்தது. எந்த விலங்கு என்பதை ஆய்வகம் சொல்லிவிடும். பிஸ்மி சொன்னார்களா என்பதை எந்த ஆய்வகமும் சொல்லாது.

அப்போ ஹோட்டல் பிரியாணியை எப்படி நம்புவது? இந்தக் கேள்வி நபிகள் காலத்திலேயே வந்திருக்கிறது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கறி கொண்டுவருகிறார்கள், அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களா தெரியவில்லை என்று சிலர் கேட்டபோது, நீங்கள் பெயர் சொல்லிச் சாப்பிடுங்கள் என்று நபிகள் பதில் சொன்னதாக ஆயிஷா அறிவித்த செய்தி புகாரி தொகுப்பில் இருக்கிறது. முஸ்லிம் ஒருவர் கொடுப்பதைத் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை என்பதற்கு அறிஞர்கள் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

ஓதியதை மற்றவர்கள் சாப்பிடலாமா?

தமிழ்நாட்டில் இது நீண்ட காலமாகக் கேள்வியாகவே இருந்ததில்லை. பாய் கடையில் எல்லோரும் வாங்குவார்கள். 2022 மார்ச்சில் கர்நாடகாவில் யுகாதியை ஒட்டி ஹலால் கறியைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தபிறகு இங்கேயும் சமூக வலைதளங்களில் பேச்சு வந்தது. பிஸ்மி என்பது கறியைப் படையல் ஆக்குவதில்லை, இறைவன் பெயரால் உயிரை எடுக்க அனுமதி கேட்பது என்றே முஸ்லிம்கள் விளக்குகிறார்கள். மறுபக்கம், கோயில் கிடா வெட்டில் கிடைக்கும் கறியை முஸ்லிம்கள் வாங்குவதில்லை. வேறு தெய்வத்துக்கு என்று வெட்டப்பட்டது என்பதே அதற்கு முதல் காரணம். அரிவாளால் பின்கழுத்தில் ஒரே வெட்டு என்பதும் அவர்கள் முறை இல்லை. சீக்கியர்களில் அமிர்தம் எடுத்தவர்களுக்கு ஹலால் முறையில் அறுத்த கறி விலக்கு, ஒரே வெட்டான 'ஜட்கா'தான் அவர்கள் வழக்கம். தனக்கு எது வேண்டும் என்று கேட்டு வாங்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அதற்குப் பலகையும் பாக்கெட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்க்கலாம்?

தெருக்கடையில் உங்கள் கண்ணே போதும். கோழி தானாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கோடை மாதங்களில், இரவு முழுக்க லாரியில் வரும் பிராய்லர்களில் சில வழியிலேயே செத்துவிடும். அப்படிச் செத்ததை அறுத்து விற்றால் மார்க்கப்படி ஹராம், உணவுச் சட்டப்படியும் குற்றம். முன்கூட்டியே அறுத்து வைத்ததை மலிவாகக் கொடுத்தால் எப்போது அறுத்தது என்று கேளுங்கள். டிரம்மில் துடிப்பு அடங்கும்வரை ஒரு நிமிடம் காத்திருக்கத் தயார் என்று நீங்களே சொல்லிவிட்டால் கடைக்காரருக்கும் அவசரம் குறையும்.

பாக்கெட்டில் ஹலால் முத்திரை மட்டும் இருந்தால் போதாது, கொடுத்த அமைப்பின் பெயரும் இருக்க வேண்டும். கையால் அறுத்ததா, மயக்கி அறுத்ததா என்பதைச் சில நிறுவனங்கள் அச்சிடுகின்றன. அச்சிடாதவர்களிடம் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்கலாம். அதே பாக்கெட்டில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும்.